குருந்தம்: சாணைக்கல்லில் வாழும் தமிழ்ச்சொல்

காவிரி வண்டல் படிந்த தஞ்சைச் சமவெளியில் நெல்லுக்குக் குறைவில்லை; கல்லுக்கே பஞ்சம். பெருவுடையார் கோயிலுக்கான (1010) கருங்கல்லும் வெளியிலிருந்தே வந்தது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) முக்தாம்பாள் பெயரால் சத்திரம் எழுப்பினார். அரண்மனையும் சத்திரமும் எழுந்த நாட்டில் தச்சரின் உளிக்கு ஓய்வு இருந்திருக்க இயலாது. அவ்வுளியைத் தீட்ட வண்டல் மண் உதவாது. வல்லம் பக்கத்துச் செம்புறைக்கல்லோ துளைகள் மலிந்தது. எனவே, தீட்டுக்கல்லைத் தேர்தல் இந்நாட்டுத் தச்சர்க்குத் தனிக்கலையாயிற்று.

நல்ல தீட்டுக்கல் உருக்கினும் வன்மையுடையதாக, மணிகள் ஒரு சீராக, பரப்புச் சமமாக அமைதல் வேண்டும். நடு குழிந்த கல்லில் தீட்டிய உளியின் வாய் நேர்மை இழக்கும். உடைந்த வாயைப் பருமணிக் கல் சீர்செய்யும். பின் எழும் பிசிறை நுண்மணிக் கல் நீக்கும். நீரின்றிச் சக்கரத்தில் அழுத்தினால் சூடேறி உருக்கின் பதம் கெடும். பலாமரத்தில் வீணை குடைவோர் இவற்றை நன்கறிவர். மழுங்கிய உளி மரத்தைச் சீவாது, நாரைக் கிழிக்கும்.

மோசு வன்மை அளவையில் வைரம் 10; மணற்கல்லின் குவார்ட்சு 7; குருந்தம் 9. நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தம் உண்டு. அதன் பொடியை அரக்கோடு கலந்து சாணைச் சக்கரம் செய்வது பழைய மரபு. சரபோசி அரியணை ஏறிய 1798ஆம் ஆண்டிலேயே இலண்டன் அரச கழகத்தில் சார்ல்ஸ் கிரெவில் ஆசியக் குருந்தக்கல் பற்றிக் கட்டுரை அளித்தார். ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ தமிழின் குருந்தத்திலிருந்து சென்றது என ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. வடமொழிக் குருவிந்தம் இதற்கு உறவுடையது.

1891இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன் மின்னுலையில் புதிய வன்பொருள் ஒன்றைப் பெற்றார். அதனைக் கரியும் குருந்தமும் சேர்ந்தது எனக் கருதி, இரு பெயரையும் இணைத்துக் ‘கார்பொரண்டம்’ என்றார். அது சிலிக்கன் கார்பைடு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது. 1954இல் சென்னையில் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தோன்றியது. கடைக்காரரிடம் கார்பொரண்டக் கல் கேட்கும் தச்சர், அயல்மொழிச் சொல் எனக் கருதித் தம் மொழிச் சொல்லையே கேட்கிறார்.

அதியமான் வாயிலில் காக்கவைக்கப்பட்ட ஔவையார், புலவர்க்குத் தச்சனின் கைத்திறன் மிக்க சிறுவரை உவமையாக்கினார் (புறம். 206). மழு ஏந்திக் காடு புகுவோர்க்கு மரம் கிடைப்பதுபோல், எத்திசை சென்றாலும் புலவர்க்குச் சோறு கிடைக்கும் என்பது அவர் துணிவு. ஆயின் அம்மழு கூருடையதாதல் வேண்டும். புலவரின் கருவி சொல். தச்சுப் பட்டறைகளில் புழங்கும் சொற்கள் முதியோருடன் மறைந்துவருகின்றன. அவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் கடமை கவிஞர்க்கும் உண்டு. குருந்தம் அத்தொகுப்பின் முதற்சொல்லாகட்டும்.