உடைக்காத சிப்பிக்கு என்ன விலை?

அடாப்ட் மீ விளையாட்டில என்ட தங்கச்சி தன்ட டிராகனைக் குடுத்து ஒரு முட்டை வாங்கினாள். "கட்டாயம் நல்லது வரும்" எண்டானாம் எதிராளி. பொரிச்சால் சாதாரண நாய்க்குட்டி. ஒரே அழுகை.

இந்தப் பேரம் எங்கட கடலுக்குப் புதிசில்லை. கண்டக்குழியிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் மறிச்சுக்கட்டி. 1905இல் அங்கே நடந்த முத்துக்குளிப்பில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் கிடைத்தன. அரசின் பங்கு மூன்றில் இரண்டு. அதை உடைக்காமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். முன்கூட்டி உடைத்துப் பார்த்த மாதிரிச் சிப்பிகள்தான் ஒரே துப்பு.

முத்து வெளியே வந்தால் கணக்கே வேற. பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துப் பருமன் பிரிப்பார்கள். பிறகு உருட்சி, நிறம், மஞ்சாடி எடை. ஒரு முத்தின் எடை இரட்டித்தால் மதிப்பு நாலு மடங்கு. பெரிய முத்து அவ்வளவு அரிது.

1905இன் விளைச்சலைப் பார்த்த லண்டன் கம்பனியொன்று, 1906இல் வருடம் 310,000 ரூபாய்க்கு 20 வருடக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனி நொடித்தது. அதுவும் பொரிக்காத முட்டைதான்.

ஆனா மறிச்சுக்கட்டி ஏலத்தில் விற்றவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. "கட்டாயம் வரும்" எண்டு யாரும் சொல்லேல்ல. தங்கச்சிக்கு நடந்ததில நியாயம் உடைஞ்சது அந்த ஒரு சொல்லிலதான்.