வெப்லியின் இந்திய வாரிசுகள்: சுழல்துப்பாக்கியில் எது பழையது, எது புதியது?

கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறைப் படைக்கல நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்னும் .32 சுழல்துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. தோட்டாக்கள் நீங்கலாக 700 கிராம் எடை, 76 மில்லிமீட்டர் குழல், 50 மீட்டர் வரை எட்டும் திறன் ஆகியவை அதன் சிறப்புகளாகச் சொல்லப்பட்டன. அவற்றோடு இன்னொன்றும் புதுமையாக முன்வைக்கப்பட்டது: தோட்டா நிரப்புவதற்குத் துப்பாக்கியை மடக்க வேண்டியதில்லை, உருளையைப் பக்கவாட்டில் வெளியே திருப்பினால் போதும். ஆயின் பக்கவாட்டில் திரும்பும் உருளையை அமெரிக்கக் கோல்ட் நிறுவனம் 1889ஆம் ஆண்டிலேயே தன் கடற்படைத் துப்பாக்கியில் கொண்டுவந்துவிட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1896இல் அதே வழிக்கு வந்தது. ஓர் அமைப்பு, தான் தோன்றி 134 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாட்டில் புதுமையாக அறிவிக்கப்படுமாயின், அக்காலதாமதத்துக்கான காரணத்தைப் பொறியியலில் மட்டும் தேடுவது பயன் தராது. சட்டத்திலும் சந்தையிலும் அரசின் அச்சத்திலும் தேட வேண்டும்.

பழைய சுழல்துப்பாக்கிகளையும் புதியவற்றையும் ஒப்பிடுவோர் பொதுவாக இரு கட்சியாகப் பிரிவர். பழையவை கைவினைஞரின் அரத்தால் இழைத்துப் பொருத்தப்பட்டவை, புதியவை எந்திரம் துப்பிய பண்டங்கள் என்பது ஒரு கட்சி. உலோகவியலும் அளவுத் துல்லியமும் வளர்ந்துவிட்டமையால் புதியதே எப்போதும் மேல் என்பது மறு கட்சி. இந்தியச் சான்றுகளை வைத்துப் பார்த்தால் இரண்டுமே போதாதவை. இங்கே 'பழையது', 'புதியது' என்னும் சொற்கள் காலத்தைக் குறிப்பதைக் காட்டிலும், யாருக்கு எது அனுமதிக்கப்பட்டது என்பதையே மிகுதியும் குறித்து வந்துள்ளன.

சுழல்துப்பாக்கியின் கதையில் இந்தியா மிகத் தொடக்கத்திலேயே தலைகாட்டுகிறது. சாமுவேல் கோல்ட் 1830இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தா சென்ற 'கார்வோ' என்னும் கப்பலில் பதினாறு வயதில் பணியாற்றினார். அப்பயணத்தில்தான் அவர் சுழலும் உருளையின் மாதிரியை மரத்தில் செதுக்கினார் என்பது மரபுவழிச் செய்தி. 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் அமெரிக்காவிலும் அவர் காப்புரிமை பெற்றார். 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் கோல்ட்டின் துப்பாக்கியும், ஆங்கிலேயர் ராபர்ட் ஆடம்ஸின் துப்பாக்கியும் எதிரெதிரே வைக்கப்பட்டன. கோல்ட்டின் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னிழுக்க வேண்டும். ஆடம்ஸின் துப்பாக்கியில் விசையை இழுத்தாலே குதிரை எழுந்து விழும். 1856இல் பியூமான்ட் என்னும் படையதிகாரி செய்த திருத்தத்தால் இவ்விரு முறைகளும் ஒரே கருவியில் இணைந்தன. 1857இன் பெருங்கிளர்ச்சியை எதிர்கொண்ட ஆங்கிலேய அதிகாரிகளின் இடுப்பில் இருந்தவற்றுள் கோல்ட்டும் உண்டு, ஆடம்ஸும் உண்டு.

'குதிரை' என்னும் சொல் இங்கே கருதத்தக்கது. துப்பாக்கி என்பதே துருக்கிய மூலத்திலிருந்து பாரசீகம் வழியாகத் தமிழுக்கு வந்தது. தோட்டா வடக்கிலிருந்து வந்தது. ஆனால் பொறியின் உயிர்நாடியான உறுப்புக்குத் தமிழர் தம் சொந்தச் சொல்லையே வைத்தனர். இந்தியிலும் அவ்விடத்தில் குதிரையைக் குறிக்கும் 'கோடா' வழங்குகிறது. கடன் வாங்கிய கருவிகளுக்கு மக்கள் தம் மொழியில் உறுப்புப் பெயர் சூட்டுகிறார்கள் என்றால், அக்கருவிகள் அவர்கள் கையில் புழங்கின என்றே பொருள். 1857க்குப் பின் அப்புழக்கத்தை ஒடுக்குவது ஆட்சியின் முதன்மைக் கவலைகளுள் ஒன்றாயிற்று.

1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் அக்கவலையின் முழு வடிவம். உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு இருந்தது. வைஸ்ராய் லிட்டனின் ஆட்சியில் அதே ஆண்டில்தான் இந்திய மொழி இதழ்களை அடக்கும் சட்டமும் பிறந்தது. ஒரே ஆட்சி, ஒரே ஆண்டில், இந்தியரின் மொழிக்கும் ஆயுதத்துக்கும் தனித்தனியே பூட்டுப் போட்டது. இதழ்ச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் சில ஆண்டுகளிலேயே நீக்கினார். படைக்கலச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் நீடித்து, 1959இன் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 1962இல்தான் விலகியது.

இக்கட்டுப்பாட்டின் நுட்பமான பகுதி குழலின் அளவு பற்றியது. அரசுப் படைகள் பயன்படுத்தும் தோட்டா தனியாரின் துப்பாக்கியில் பொருந்திவிட்டால், திருடப்படும் ஒவ்வொரு தோட்டாவும் அரசுக்கு எதிராகத் திரும்பக்கூடும். எனவே படையின் அளவுகள் தனியாருக்கு மறுக்கப்பட்டன. 1907இல் .450 அளவுத் துப்பாக்கிகளுக்கு இந்தியாவில் தடை வந்தபோது, யானை, புலி வேட்டைக்காரர்களை நம்பியிருந்த ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470 எனப் புதிய அளவுகளைப் படைத்துச் சந்தையைக் காத்துக்கொண்டன. அதாவது ஒரு 'புதிய' தோட்டா, அறிவியல் தேவையால் அன்றி, ஓர் அரசாணையின் விளைவாகவே பிறந்தது. இந்த முன்நிகழ்வை மனத்தில் கொண்டால் பிற்கால இந்தியச் சுழல்துப்பாக்கியின் வடிவம் எளிதில் விளங்கும்.

பர்மிங்காமின் வெப்லி நிறுவனத் துப்பாக்கியை ஆங்கிலப் படை 1887இல் ஏற்றுக்கொண்டது. கொண்டியை அழுத்திக் குழலைக் கீழ்நோக்கி மடக்கினால், உருளையின் நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு எழுந்து ஆறு வெற்றுக் கூடுகளையும் ஒருசேர வெளியே தள்ளும். குதிரைமேல் இருப்பவனுக்கும் பதுங்குகுழியில் இருப்பவனுக்கும் இந்த விரைவு உயிர்காப்பது. இதன் குறை அதன் சிறப்பிலேயே அடங்கியிருந்தது. சட்டகம் கீலில் மடங்குவது ஆகையால், வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் கீலும் கொண்டியுமே தாங்க வேண்டும். ஒரே துண்டான சட்டகமும் பக்கவாட்டில் திரும்பும் உருளையும் கொண்ட அமெரிக்க அமைப்பு இதனினும் வலிய தோட்டாக்களைத் தாங்கியது. 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னம் தோட்டாவைக் கொண்டுவர முடிந்தது அதனால்தான். வெப்லி வழியில் அது இயல்வதன்று.

முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலப் படை .455இலிருந்து .38க்கு இறங்கியது. வெப்லி ஒரு வடிவமைப்பைத் தந்தது. அரசோ, அதைப் பெரிதும் ஒத்த துப்பாக்கியைத் தன் என்ஃபீல்டு தொழிற்சாலையிலேயே செய்துகொண்டது. வெப்லி வழக்காடியது, முதலில் தோற்று, இறுதியில் கண்டுபிடிப்பாளர்களுக்கான ஆணையத்திடம் 1250 பவுண்டு ஈடு பெற்றது. இரண்டாம் உலகப் போரில் என்ஃபீல்டின் உற்பத்தி போதாமற்போனபோது, அரசு மீண்டும் வெப்லியிடமே .38 மார்க் 4 துப்பாக்கிகளை வாங்க நேர்ந்தது. அவசரத்தில் செய்யப்பட்ட அத்துப்பாக்கிகளின் மேல் 'போர்க்கால மெருகு' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை வெப்லி பொறித்து அனுப்பியது. தன் வழக்கமான தரம் இதுவன்று என்று உற்பத்தியாளரே எழுதிவைத்த வாக்குமூலம் அது. பழையன யாவும் நேர்த்தியானவை என்று நம்புவோர் அப்பொறிப்பைக் கவனிக்க வேண்டும். பழைமைக்குள்ளும் அமைதிக்காலப் பழைமை, போர்க்காலப் பழைமை என இரண்டு உண்டு.

இந்த மார்க் 4தான் இந்தியாவின் மூதாதை. 1942இல் நிறுவப்பட்ட கான்பூர் சிறுபடைக்கலத் தொழிற்சாலை பிற்காலத்தில் உரிமம் பெற்ற பொதுமக்களுக்கென .32 சுழல்துப்பாக்கியைச் செய்தபோது, வெப்லியின் மடங்கு சட்டகத்தையே பின்பற்றியது. மாறியது குழலின் அளவு. .38 படைக்கும் காவலருக்கும் உரியது, எனவே பொதுமக்களுக்கு .32. இந்தத் தோட்டாவும் புதியதன்று. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1896இல் கொண்டுவந்தது. அளவு குறைந்ததன் பொருளை எடையால் உணரலாம். பழைய .455 குண்டின் எடை ஏறத்தாழ 17 கிராம், .38இன் தொடக்ககாலக் குண்டு 13 கிராம், .32இன் வழக்கமான குண்டு 6.4 கிராம். மூதாதையின் உடலில் பாதி வலிமையுள்ள தோட்டா வைக்கப்பட்டது. 1907இன் தர்க்கம் குடியரசிலும் தொடர்ந்தது என்பதே இதன் வரலாற்றுப் பொருள்.

1980களின் நடுப்பகுதியில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டதும் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. அதற்கு முன் நாட்டுக்குள் வந்துவிட்ட வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட் துப்பாக்கிகள் எண்ணிக்கையில் உறைந்துபோயின. வெப்லி நிறுவனமே 1979இல் துப்பாக்கி உற்பத்தியைக் கைவிட்டுவிட்டது. இனி வர வழியில்லாத பொருளுக்கு விலை ஏறுவது இயல்பு. அவ்விலையில் கைவினையின் மதிப்பும் உண்டு, பற்றாக்குறையின் மதிப்பும் உண்டு. இந்தியாவில் 'பழைய வெளிநாட்டுச் சரக்கு' பெற்ற புகழில் இவ்விரண்டும் பிரிக்க இயலாதபடி கலந்துவிட்டன. போட்டியே இல்லாத சந்தையில் அரசுத் தொழிற்சாலைக்கும் வடிவமைப்பை மாற்றும் தேவை எழவில்லை.

ஒப்பீட்டுக்கு அமெரிக்காவை நோக்கலாம். கோல்ட் பைத்தான் 1955இல் வெளிவந்தது. அதன் உள்ளுறுப்புகளைத் தேர்ந்த கைவினைஞர் ஒவ்வொன்றாக இழைத்துப் பொருத்தினர். விசையின் மென்மைக்குப் பெயர்பெற்ற அத்துப்பாக்கி, நெடும்பயன்பாட்டில் உருளையின் ஒத்திசைவு தளரும் என்ற குறைக்கும் ஆளாயிற்று. கூலி உயர, 1999இல் வழக்கமான உற்பத்தி நின்றது. 2020இல் மீண்டும் வந்த பைத்தானில் உறுப்புகள் குறைக்கப்பட்டன, பின்குறிக்குக் கீழே சட்டகம் தடிப்பாக்கப்பட்டது. தொடக்கத்தில் சில குறைகள் சுட்டப்பட்டாலும், கைவினைஞர் இல்லாமலேயே உறுதியான கருவி இயலும் என்பதை அது காட்டியது. இன்னும் தெளிவான சான்று பாதுகாப்பில் உண்டு. 1873இன் கோல்ட் துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். ஆகையால் அதை வைத்திருந்தோர் குதிரைக்கு நேரான அறையை வெறுமையாக விட்டு ஐந்து தோட்டாக்களையே நிரப்பினர். அதே தோற்றமுடைய ரூகர் நிறுவனத் துப்பாக்கிகளில் 1973 முதல், விசை இழுக்கப்பட்டால் மட்டுமே குதிரையின் அடியைக் கடத்தும் தண்டு சேர்க்கப்பட்டது. ஆறாம் தோட்டாவுக்கு இடம் கிடைத்தது. அங்கே மாற்றத்தை உந்தியவை கூலியும் விபத்தும் வழக்குமன்றமும் வாங்குவோரும். இங்கே மாற்றம் நிகழாமைக்குக் காரணம் அவற்றின் இன்மை.

இச்சூழலில்தான் 2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' வந்தது. டைட்டானியக் கலவையால் ஆன, 500 கிராம் எடையுள்ள .32 சுழல்துப்பாக்கி, பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. 2012 டிசம்பரில் டெல்லியில் கொடுமைக்குள்ளாகி இறந்த பெண்ணுக்கு ஊடகங்கள் இட்ட பெயர் நிர்பயா. நிர்பீக் அதன் ஒருபொருட்சொல். இரண்டும் அச்சமின்மையைக் குறிப்பன. விலை 1,22,360 ரூபாய். அன்றைய இந்தியரின் சராசரித் தனிநபர் ஆண்டு வருமானத்தைவிட மிகுதி. நகைப்பேழை போன்ற பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. உலோகம் புதியது, எடை புதியது, பெயர் புதியது. தோட்டா 1896ஐச் சேர்ந்தது. உரிமம் பெறும் முறையோ மாவட்ட ஆட்சியரின் மேசையையும் காவல்துறையின் அறிக்கையையும் கடந்தாக வேண்டிய பழைய முறை. பேருந்தில் தாக்கப்பட்ட ஒரு மாணவியின் பெயரால் விற்கப்பட்ட கருவி, பேருந்தில் செல்லும் பெண்கள் வாங்க இயலாத விலையில் இருந்தது என்பதை அன்றே பலர் சுட்டிக்காட்டினர். பொதுப் போக்குவரத்திலும் தெருவிளக்கிலும் நீதிமன்றத்திலும் அரசு செய்ய வேண்டியதை, ஒரு தனிமனிதப் பண்டமாக மாற்றி அரசுத் தொழிற்சாலையே விற்றது. இதனைப் பொறியியல் ஒப்பீடு மட்டும் ஒருபோதும் காட்டாது.

2020இல் கதை மற்றொரு திருப்பம் கண்டது. வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் ஓர் இந்தியக் கூட்டாளியுடன் இணைந்து உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்துச் சண்டிலாவில் .32 சுழல்துப்பாக்கி செய்யவிருப்பதாக அறிவித்தது. என்ஃபீல்டு படியெடுத்த வடிவமைப்பு கான்பூருக்கும் மாதிரியாகி, அதன் மூலப்பெயர் கான்பூரிலிருந்து வெகுதொலைவில் இல்லாத ஓர் ஊருக்கே வந்து சேர்ந்தது. அங்கும் அளவு .32தான். பெயரை இறக்குமதி செய்யலாம், சட்டம் வரைந்த எல்லையைத் தாண்ட இயலாது.

ஆகவே பழைய, புதிய சுழல்துப்பாக்கிகளின் ஒப்பீட்டில் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்பது தகும். எவ்வாறு செய்யப்பட்டது என்பது முதலாவது. அதில் எஃகின் தரமும் பாதுகாப்பும் புதியதன்பக்கம், இழைப்பின் நேர்த்தி பெரும்பாலும் அமைதிக்காலப் பழையதன்பக்கம். ஏன் அவ்வடிவில் செய்யப்பட்டது என்பது இரண்டாவது. இந்தியாவைப் பொறுத்தவரை இதற்கான விடை 1857இன் அச்சத்திலிருந்து 1878, 1907, 1959 வழியாக வந்த சட்டங்களில் இருக்கிறது. யாருக்காகச் செய்யப்பட்டது என்பது மூன்றாவது. காலனியக் காலத்தில் இனம் வகுத்த எல்லையை இன்று பெரிதும் வருமானமும் அதிகாரிகளோடான நெருக்கமும் வகுக்கின்றன. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் ஒரு வெப்லியைக் காணும் மாணவர், அதன் அருகிலுள்ள அட்டையில் ஆண்டையும் அளவையும் மட்டுமே படிக்க நேர்கிறது. அந்த அளவைத் தீர்மானித்தது பட்டறையா, அரசாணையா என்பதையும் அட்டை சொல்லுமாயின், கருவியின் வரலாறு குடிமக்களின் வரலாறாகவும் வாசிக்கப்படும்.