ஜோடிக் குதிரையும் ஒரு தப்பான டெஸ்ட்டும்

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். மாட்டு வண்டி நுகத்தடியை அப்படியே கொண்டு போய் ரெண்டு குதிரைங்க கழுத்துல வச்சா என்ன ஆகும்?

கிராமத்துல வளர்ந்தவங்க உடனே சிரிப்பீங்க. நம்ம நாட்டு மாட்டுக்குத் திமில் இருக்கு. நுகத்தடி அந்தத் திமிலுக்கு முன்னாடி போய் உட்காரும். மாடு ஒரு அடி எடுத்து வச்சா திமில் நுகத்தை முன்னாடி தள்ளும், வண்டி நகரும். கழுத்தைச் சுத்தி வர்ற பூட்டாங்கயிறு இழுக்கிறதுக்கு இல்ல. நுகம் கழண்டு விழாம பிடிச்சுக்கிறது மட்டும்தான் அதோட வேலை.

குதிரைக்குத் திமில் கிடையாது. அதோட கழுத்து மேல்நோக்கிச் சரிவா ஏறிப் போகும். அதுமேல வெறும் நுகத்தடியை வச்சு இழுக்கச் சொன்னா நுகம் பின்னாடி வழுக்கும், கயிறு தொண்டையில ஏறும். எவ்வளவு பலமா இழுக்குதோ அவ்வளவு மூச்சு முட்டும்.

ஆனா எகிப்து, கிரேக்கம், ரோம் எல்லா இடத்துலயும் நுகத்துல ஜோடி சேர்த்த குதிரைங்கதான் ரதம் இழுத்திருக்கு. அதுவும் சினிமால பார்க்கிற மாதிரி பிரம்மாண்டமான குதிரைங்க இல்ல. இன்னைக்கு 148 சென்டிமீட்டருக்கு மேல போகாத குதிரையை போட்டிகள்ல போனின்னு வகைப்படுத்துறாங்க. நம்ம ஊர்ல மட்டக்குதிரைன்னு சொல்லுவோம். பழங்காலத்து ரதக் குதிரைகள் பெரும்பாலும் 130-லிருந்து 150-க்குள்ள. அதாவது இன்னைக்குக் கணக்குக்கு முக்கால்வாசி மட்டக்குதிரைதான்.

அப்போ இந்தச் சின்னக் குதிரைங்க எப்படி இழுத்துச்சு? இதுக்கு ஒரு பிரெஞ்சு ராணுவ அதிகாரி கொடுத்த பதில்: "சரியா இழுக்கவே இல்ல, மூச்சுத் திணறிச்சு." அதோட விட்டிருந்தா பரவாயில்ல. அதுலேருந்து ஒரே தாவா தாவி, பழங்காலத்துல அடிமை முறை ஏன் இருந்துச்சுன்னு விளக்கம் சொன்னார். அது ஏறக்குறைய ஐம்பது வருஷம் புத்தகங்கள்ல நின்னுது.

அவர் பேரு ரிஷார் லெஃபெவ்ர் தெ நோயெத். குதிரைப்படையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குதிரை தெரியாம எழுதினவர்னு யாரும் சொல்லிட முடியாது. ஓய்வுக்கு அப்புறம் இந்த மனுஷன் செஞ்ச வேலையைப் பார்த்தா எனக்கு நிஜமாவே பொறாமையா இருக்கு. உலகம் முழுக்க இருக்கிற சிற்பம், ஜாடி ஓவியம், நாணயம் எல்லாத்துலயும் குதிரை எப்படிப் பூட்டப்பட்டிருக்குன்னு தேடித் தேடிச் சேர்த்தார். 1910-ல பழைய மாதிரியில ஒரு சேணத்தைத் தயார் பண்ணி, நிஜக் குதிரையில பூட்டி பாரம் இழுக்க வச்சுப் பார்த்தார். குதிரை திணறிச்சு. ஒரு ஜோடியால சுமார் 500 கிலோவுக்கு மேல இழுக்க முடியாதுன்னு முடிவுக்கு வந்தார்.

இதுக்கு ஒரு எழுத்துச் சான்றும் அவருக்குக் கிடைச்சுது. கி.பி. 438-ல தொகுத்த தியோடோசியஸ் சட்டத் தொகுப்புல, ரோம அரசுத் தபால் வண்டிகள்ல எவ்வளவு ஏத்தலாம்னு உச்சவரம்பு இருக்கு. அதுல பெரிய எண் 1,500 ரோமப் பவுண்டு, நம்ம கணக்குல சுமார் 490 கிலோ. டெஸ்ட்டும் 500, சட்டமும் கிட்டத்தட்ட 500. பொருந்திடுச்சா? பொருந்திடுச்சு.

1924-ல முதல் புத்தகம் வந்துது. 1931-ல அதை விரிவாக்கி இன்னொண்ணு போட்டார். அதோட துணைத் தலைப்பே "அடிமை முறையின் வரலாற்றுக்கு ஒரு பங்களிப்பு"ங்கிற அர்த்தத்துல இருக்கும். வாதம் இதுதான்: பழங்கால மனுஷனுக்குக் குதிரையைச் சரியா பூட்டத் தெரியல, அதனால மிருக பலம் கிடைக்கல, அதனால மனுஷ பலத்தை, அதாவது அடிமைகளை, நம்ப வேண்டியதா போச்சு. ஐரோப்பாவுல 9, 10-ஆம் நூற்றாண்டு வாக்குல தோள்ல பாரம் தாங்குற மாதிரி, உள்ள அடைச்சுத் தைச்ச கழுத்து வளையம் வந்துது. அதுக்கு அப்புறம்தான் மனுஷனுக்கு விடுதலை.

கேட்க எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. ஒரு தோல் பட்டை மாறுது, மனித குலம் விடுதலை ஆகுது. இன்ஜினியரிங் படிச்சவனுக்கு இதைவிட இனிக்கிற கதை வேற இருக்காது. எனக்கும் முதல் தடவை கேட்டப்போ இனிச்சுது. பின்னாடி லின் வைட், மோசஸ் ஃபின்லி, சீன அறிவியல் வரலாறு எழுதின ஜோசஃப் நீதம்னு பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அந்த 'தொண்டையை நெரிக்கும் சேணம்'ங்கிறதை ஏத்துக்கிட்டுத்தான் மேல எழுதினாங்க.

சட்டச் சான்றை முதல்ல பார்ப்போம், ஏன்னா அது நம்மளே கால்குலேட்டர் வச்சு உடைக்கக்கூடியது. அதே தொகுப்புல, கி.பி. 357-ல போட்ட ஒரு ஆணை இருக்கு. ரேடாங்கிற நாலு சக்கர வண்டியில 1,000 ரோமப் பவுண்டு ஏத்தலாம். அதாவது 327 கிலோ. அந்த வண்டிக்கு எத்தனை கோவேறு கழுதை பூட்டணும்? வெயில் காலத்துல எட்டு, குளிர் காலத்துல பத்து. 327-ஐ எட்டால வகுங்க. ஒரு மிருகத்துக்கு 41 கிலோ.

41 கிலோ! பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் எடை. அதுக்கு மேல ஒரு கோவேறு கழுதையால இழுக்க முடியாதுன்னு யாராவது நம்புவாங்களா? அந்த எண் மிருகத்தோட சக்தியைச் சொல்லல. சாலை கெடக்கூடாது, வண்டி உடையக்கூடாது, தபால் வேகமா போகணும், அதிகாரிங்க அரசு வண்டியில சொந்தச் சரக்கு ஏத்தக்கூடாது. அதுக்குப் போட்ட விதி அது. நம்ம லிஃப்ட்ல "6 பேர் மட்டும்"னு எழுதியிருக்குமே, அதை வச்சு இரும்புக் கயிறோட பலத்தைக் கணக்குப் போட்ட மாதிரி. அதே தொகுப்புல கி.பி. 316-ல கான்ஸ்டன்டைன் போட்ட ஆணையும் இருக்கு: இழுவை மிருகங்களைத் தடியால அடிக்கக்கூடாது, சாட்டையோ சின்ன முள் வச்ச குச்சியோ போதும்னு. மிருகம் தேயாம பார்த்துக்கிற நிர்வாகத்தோட சட்டம் அது.

சரி, டெஸ்ட்? அவர் கண்ணால பார்த்தாரே, குதிரை திணறிச்சே? இங்கதான் விஷயமே இருக்கு.

ஷான் ஸ்ப்ரைட்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர். குதிரை பழக்குறதுதான் அவர் தொழில். அவர் அதே பழைய படங்களையும், அருங்காட்சியகத்துல மிச்சம் இருக்கிற மரப் பாகங்களையும் திரும்பப் பார்த்தார். பார்த்தா, பழங்காலத்துல ஜோடிக் குதிரைக்கு இருந்தது ஒரு பூட்டு முறை இல்ல, ரெண்டு.

ஒண்ணு கழுத்து நுகம். எகிப்துல இருந்தது இது. நுகத்தடியை நேரா கழுத்துல வைக்க மாட்டாங்க. ஒவ்வொரு குதிரைக்கும் உண்டிவில் கவட்டையைத் தலைகீழா கவுத்த மாதிரி ஒரு மரத் துண்டு. அது கழுத்தோட ரெண்டு பக்கமும் இறங்கி, தோள்பட்டை எலும்புக்கு முன்னாடி மெத்தையோட உட்காரும். தள்ளுற வேலை தோளுக்கு. கீழ தொண்டைப் பக்கம் ஒரு பட்டை வரும், ஆனா அது கவட்டை கழண்டு போகாம பிடிக்க மட்டும். நம்ம பூட்டாங்கயிறேதான்! 1922-ல கண்டுபிடிச்ச துட்டன்காமன் கல்லறையில ஆறு ரதம் இருந்துச்சே, அதோட இந்தக் கவட்டைகளும் கிடைச்சிருக்கு.

ரெண்டாவது முதுகு நுகம். இதுல நுகம் பின்னாடி தள்ளி முதுகு மேல இருக்கும். இழுக்கிறது மார்புக்குக் குறுக்கே படுக்கையா ஓடுற ஒரு அகலமான பட்டை. அது மேல ஏறித் தொண்டைக்குப் போகாம, வயித்துப் பட்டையோட சேர்த்துக் கீழ இழுத்துக் கட்டியிருப்பாங்க.

ரெண்டுமே தன்னளவுல சரியான டிசைன். லெஃபெவ்ர் என்ன பண்ணிட்டார்னா, முதல் முறையிலேருந்து தொண்டைப் பட்டையை எடுத்து, ரெண்டாவது முறையில இருக்கிற மாதிரி முதுகுப் பக்கம் கொண்டு போய்க் கட்டிட்டார். கவட்டை காணாம போச்சு. பக்கவாட்டுல வரைஞ்ச படத்துல கவட்டை பாதி பிடரி மயிருக்குள்ள மறைஞ்சுதான் இருக்கும், அதனால அவருக்கு அது கண்ணுல படல. விளைவு, வரலாற்றுல யாருமே பயன்படுத்தாத ஒரு மூணாவது சேணம். அதைத்தான் அவர் டெஸ்ட் பண்ணார். அது தொண்டையை நெரிச்சுது. நெரிக்கத்தானே செய்யும்.

எனக்கு இதைப் படிச்சப்போ கூசுச்சு. முன்னாடி ஒரு ஆபீஸ்ல, ஒரு சர்வர் தாங்கல தாங்கலன்னு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவன் நான். கடைசியில பார்த்தா தாங்காதது சர்வர் இல்ல, நான் டெஸ்ட் ஓட்டின என் லேப்டாப். வெவ்வேற வெர்ஷன் செட்டிங்கைக் கலந்து போட்டிருந்தேன். அதுல ரெண்டு வாரம் ஒரு டீமே தப்பான இடத்தைத் தோண்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு வாரம் எங்க, ஐம்பது வருஷம் எங்க!

ஸ்ப்ரைட் ரெண்டு முறையையும் தனித்தனியா, மூலத்துல இருக்கிற மாதிரியே செஞ்சு ஓட்டிப் பார்த்தார். அவர் செஞ்ச எகிப்திய ரதத்தோட எடை வெறும் 34 கிலோ. ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சின்னக் குதிரை ஜோடி ஒண்ணு அதை மணிக்கு 38 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் இழுத்துக்கிட்டு ஓடிச்சு. மூச்சு முட்டல. முதுகு நுகத்துல பாரம் ஏத்தின வண்டியைப் பூட்டினப்போ அந்த 500 கிலோ எல்லையும் உடைஞ்சுது. 1977-ல இதைப் புத்தகமா போட்டார். 1983-ல மேரி லிட்டாவர் அதை இங்கிலீஷ்ல கொண்டு வந்தாங்க.

இதுல குதிரை பழக்குறவர் ஒருத்தர் தேவைப்பட்டது தற்செயல் இல்ல. ஜோடி ஓட்டுறது தனிக் கலை. நடுவுல ஒரு ஏர்க்கால், அதோட நுனியில நுகம், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குதிரை. ஒண்ணு அரை அடி பின்தங்கினா நுகம் கோணும், ஏர்க்கால் திரும்பும், முழு பாரமும் முந்தினது மேல விழும். அதனால உயரம், நடை, சுபாவம் பார்த்து இணை சேர்க்கணும். எங்க தாத்தா மாடு வாங்கப் போனா இதே கணக்குத்தான்: இடத்தை மாடு ஒண்ணு வீட்டுல இருக்கு, வலத்தைக்குச் சரியா ஒண்ணு கிடைக்குதான்னு சந்தை சந்தையா அலைவார். பழகாத ரெண்டு குதிரையை எந்தச் சேணத்துல பூட்டினாலும் தலையைத் தூக்கும், வாயைப் பிளக்கும். பழைய சிற்பத்துல கழுத்தை வளைச்சு வாயைத் திறந்து நிக்கிற குதிரையை 'மூச்சுத் திணறுது'ன்னு லெஃபெவ்ர் படிச்சார். கடிவாளம் இறுகினாலும் குதிரை அப்படித்தான் நிக்கும். கம்பீரமா காட்டணும்னு சிற்பி நினைச்சாலும் அப்படித்தான் நிக்கும்.

பழங்கால ஆளுங்களுக்குக் குதிரை தெரியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி கிக்குலியைக் கேட்டிருக்கணும். மித்தன்னி நாட்டுக்காரர், ரதக் குதிரை பழக்குறவர். அவர் பேர்ல ஒரு பயிற்சிக் கையேடு, ஹித்தைட் தலைநகர் ஹத்துசாவுல, இன்னைக்குத் துருக்கியில இருக்கிற இடம், களிமண் பலகைகள்ல கிடைச்சிருக்கு. 3,200 வருஷத்துக்கும் மேல பழசு. ஆயிரத்துச் சொச்சம் வரி. பல மாசத்துக்கு நாள்வாரியா அட்டவணை: இன்னைக்கு எவ்வளவு தூரம் மெல்லோட்டம், எவ்வளவு தூரம் பாய்ச்சல், எப்போ தண்ணி காட்டணும், எப்போ காட்டக்கூடாது, எப்போ ஆத்துல குளிப்பாட்டணும், எப்போ போர்வை போர்த்தணும், எத்தனை பிடி பார்லி. சுத்துகளை எண்றதுக்கு அவர் போடுற சொற்கள் அய்க, தேர, பன்ச, சத்த, நவ. ஏகம், பஞ்ச, சப்த, நவ தெரிஞ்ச யாருக்கும் இது புரிஞ்சிடும். சமஸ்கிருதத்துக்குச் சொந்தக்கார மொழியோட தடயம் அது. அதுக்குத் தனி எபிசோட் வேணும்.

இவ்வளவு நுணுக்கமா குதிரையோட வேர்வையைக் கவனிச்ச ஆளுங்க, தொண்டையில கயிறு ஏறுறதை மட்டும் ரெண்டாயிரம் வருஷம் கவனிக்காமலா விட்டிருப்பாங்க?

அடிமை முறை விஷயத்துக்கு வர்றேன். அந்த வாதத்தை அடிக்க ஸ்ப்ரைட் வரைக்கும் காத்திருக்கவே தேவையில்ல. 1926-லயே மார்க் பிளாக்ங்கிற வரலாற்று ஆய்வாளர், காலம் இடிக்குதுன்னு எழுதிட்டார். ஐரோப்பாவுல பழைய மாதிரி அடிமை முறை தேய ஆரம்பிச்சது முன்னாடி, கழுத்து வளையம் பரவினது பின்னாடி. பின்னாடி வந்தது முன்னாடி நடந்ததுக்கு எப்படிக் காரணமாகும்? இதே பிளாக்தான் பின்னாடி நாஜி எதிர்ப்பு இயக்கத்துல சேர்ந்து 1944-ல கெஸ்டபோவால சுட்டுக் கொல்லப்பட்டார்.

கழுத்து வளையத்தால பிரயோஜனமே இல்லன்னு நான் சொல்லல. கனமான ஈர மண்ல குதிரையை ஏர் உழ வைக்க அது பெரிய முன்னேற்றம். லெஃபெவ்ரையும் கேலி பண்ண மனசு வரல. சேணத்தை ஒரு வரலாற்றுக் கேள்வியா ஆக்கினதே அவர்தான். அவர் சேர்த்த படங்கள் இல்லாம ஸ்ப்ரைட்டுக்கு வேலை இன்னும் கஷ்டமாயிருக்கும்.

ஆனா அந்தக் கதை என்ன சொல்லிச்சுன்னு ஒரு தடவை யோசிங்க. சுரங்கத்துலயும் பண்ணையிலயும் மனுஷனை விலைக்கு வாங்கிச் சாகடிச்சவங்க, வேற வழியில்லாம பண்ணாங்க, பாவம், பெல்ட் சரியில்லன்னு சொல்லிச்சு. பெல்ட் சரியாத்தான் இருந்துச்சு. வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அடிமை வச்சிருந்தவன் வச்சிருந்தது, அது அவனுக்கு லாபமா இருந்துச்சு, சட்டம் அவன் பக்கம் இருந்துச்சு.

இன்னைக்கும் சில பொதுவான புத்தகங்கள்லயும் வீடியோக்கள்லயும் அந்த 500 கிலோ கதை அப்படியே வருது. எங்கயாவது பார்த்தீங்கன்னா எனக்கு அனுப்புங்க, நான் சேர்த்து வச்சுக்கிட்டு இருக்கேன். அடுத்த எபிசோட் கிக்குலிதான்.