இதயக் குழாய்க்குள் எஞ்சினியர்



ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்காத பெரம்பலூர்க்காரர் உண்டா? அந்தப் பழைய மதிலுக்கு ஒரே புள்ளியில் அழுத்தி முட்டுக் கொடுத்தால், அந்த இடமே பெயர்ந்துவிடும். இதய இரத்தக் குழாயின் கதையும் கிட்டத்தட்ட அதுதான்!

1977-ல் சூரிச் நகரில் டாக்டர் குருன்ட்ஸிக் அடைபட்ட இதயக் குழாயை பலூன் வைத்து விரித்தார். ஆனால் பலருக்கு அது மறுபடி சுருங்கிற்று. 1986-ல் பிரான்சின் துலூஸ் நகரில் டாக்டர் புவேல், முட்டுக் கொடுப்பது போல உலோக வலைக்குழாய் ஒன்றை உள்ளே நிறுத்தினார். அதுவே ஸ்டென்ட். வந்தது புதுச் சிக்கல்! கம்பி குத்திய இடத்தில் தசை வளர்ந்து மீண்டும் அடைப்பு.

நம் நாட்டில் 1990-களில் ஏவுகணை விஞ்ஞானி அப்துல் கலாமும் ஐதராபாத் டாக்டர் சோம ராஜுவும் சேர்ந்து குறைந்த விலையில் 'கலாம்-ராஜு ஸ்டென்ட்' உருவாக்கினார்கள்.

சரி, எந்த வடிவம் நல்லது? 1995-ல் ரோஜர்ஸ், எடெல்மன் இருவரும் முயல்களில் சோதித்தார்கள். அதே உலோகம், அதே பரப்பு. வடிவத்தை மாற்றியதுமே சுவர்க்காயம் 42 சதவீதம் குறைந்தது. 2001-ல் ஜெர்மனியில் நோயாளிகளிடம் பார்த்தபோது, 140 மைக்ரான் கம்பியில் 25.8 சதவீதம் பேருக்கு மறு அடைப்பு. 50 மைக்ரான் கம்பியில் 15 சதவீதம்தான்.

ஏன் இப்படி? பதில் சொல்ல வந்தது கம்ப்யூட்டர். 1956-ல் விமான இறக்கைக்காகப் பிறந்து, 1960-ல் கிளஃப் பெயர் சூட்டிய 'ஃபைனைட் எலிமெண்ட்' முறை, பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் கணக்கிடும். 2005-ல் டப்ளின் ஆய்வாளர்கள் லாலி, டோலன், பிரெண்டர்காஸ்ட் இரண்டு ஸ்டென்ட்களை இப்படி ஒப்பிட்டார்கள். சுவரில் அதிக அழுத்தம் காட்டிய வடிவத்துக்கே மருத்துவமனைகளிலும் மறு அடைப்பு அதிகம்! ஆனாலும் உயிருள்ள தசை எப்படி வளரும் என்பதைக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது, சோதனையும் வேண்டும்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு சாதா ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாயும் உச்ச விலை வைத்தது. விலை இறங்கியாயிற்று; நம் மக்களின் குழாய்க்கேற்ற நல்ல வடிவத்தை நாமே கணக்கிட வேண்டாமா? பரீட்சைக்காக மட்டும் அந்தப் பாடத்தைப் படிக்காதீங்க, தம்பிகளா, தங்கைகளா. அதில் ஓர் உயிர் இருக்கிறது!