கரிசல் காட்டின் காகிதங்கள்

1801இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் கும்பினியார் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, ஆமணக்கு விதைத்து, ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து நீக்கச் செய்தனர் என்று சொல்லப்படுகிறது. கோட்டையை இடித்தது போரின் தொடர்ச்சி. பெயரை அடித்தது வேறு வகைத் தண்டனை. கணக்கில் இல்லாத ஊர் ஊரே அல்ல என்று கருதும் ஓர் அரசு கரிசல் சீமைக்கு வந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

1802ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எட்டயபுரம் போன்ற பாளையங்கள் நிரந்தர ஜமீன்களாயின. சனது பாளையக்காரருக்குக் கிடைத்தது. காட்டைத் திருத்தி உழுதவனுக்குக் கிடைத்தது ஜமீன் பட்டாவும், அதற்கு ஈடாக அவன் எழுதிக்கொடுத்த முச்சலிக்காவும்தான். சர்க்கார் நேரடியாகத் தீர்வை வாங்கிய நிலத்துக்கு ‘அயன்’ என்று பெயர். விளாத்திகுளம் பக்கம் அயன்வடமலாபுரம் போன்ற ஊர்ப்பெயர்களில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டா என்பது வரி வசூலுக்காகப் பிறந்த காகிதம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் வந்தேறிய மக்கள் காட்டை அழித்து நிலமாக்குகிறார்கள். உழைப்பே அங்கே பத்திரம். அவரது ‘கதவு’ சிறுகதையிலோ, தீர்வை பாக்கிக்காகக் குழந்தைகள் ஆடிக்கொண்டிருந்த கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். நிலத்துக்கும் அரசுக்குமுள்ள உறவை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வருவாய்த்துறை ஆவணம் எதையும் நான் கண்டதில்லை.

பத்திரத்தின் கதை தனி. 1864இல் பதிவுச் சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1908ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தே வைத்தது. நூறு ரூபாய்க்குக் குறைந்த நிலத்தைப் பதிவில்லாமல், கையில் ஒப்படைத்தே கிரயம் செய்யலாம். நூறு ரூபாய் பெரும் தொகையாக இருந்த நாளில் வானம் பார்த்த புஞ்சைக்கு அந்த வாசலே போதும். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகவே பாகம் பிரித்துக்கொள்ளவும் தடையில்லை. ‘தாய்ப்பத்திரம் எங்கே?’ என்று இன்று கேட்டால், பல குடும்பங்களில் தொலைந்துபோனதாகச் சொல்வதைவிட, அது எழுதப்படவே இல்லை என்பதே உண்மையாக இருக்கும்.

1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா பெறும் உரிமையைத் தந்தது. பிறகு 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. பரவலாக அறியப்பட்ட அதன் பிழைகளில், பெயர் மாறியதும் உண்டு, சர்வே எண்ணின் உட்பிரிவு புரண்டதும் உண்டு. அனுபவிப்பவர் ஒருவர், பட்டாவில் இருப்பவர் இன்னொருவர் என்ற வழக்குகள் அதனால் பெருகின.

பத்திரம் பதிவானால் நிலம் தனதாகிவிட்டது என்று நம்புகிறோம். நம் சட்டம் பதிவு செய்வது ஆவணத்தை மட்டுமே, உரிமையை அல்ல. மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்று 2022இல் தமிழக அரசு விதி சேர்த்தது. விற்பவருக்கு உரிமை உண்டா என ஆராய்வது சார்பதிவாளரின் வேலையல்ல என்று கூறி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது. மோசடியைத் தடுக்க வந்த விதிதான்; ஆனால் எழுதப்படாத கிரயத்தில் நிலம் பெற்றவனின் பேரனையும் அது அதே வரிசையில் நிறுத்தியிருந்தது.