கத்தரிப்பூ நிறத்தின் கதை

எங்கட குச்சவெளிப் பக்கம் ஊதாவைக் கத்தரிப்பூ நிறம் என்றுதான் சொல்லுவோம். அந்த நிறத்தில் கஞ்சாச் செடியும் உண்டு. ஊதா என்றால் 'பவர்' கூட என்று எங்கட வயசுப் பொடியன்மார் கதைக்கிறார்கள். அது சும்மா கதை. போதை தரும் டிஎச்சி பூவின் மேலுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் உருவாவது. நிறம் தருவது அந்தோசயனின். கத்தரிக்காய்த் தோலிலும் நாவற்பழத்திலும் இருக்கிற அதே குடும்பம். ஒன்றைப் பார்த்து மற்றதை அளக்க ஏலாது.

எங்களை இழுத்தது வேறொன்று. பிறப்புரிமையியலின் தொடக்க வரலாற்றில் எங்கே பார்த்தாலும் இந்த நிறம் நிற்கிறது. 1866இல் மெண்டல் வெளியிட்ட கட்டுரையின் ஊதாப்பூப் பட்டாணி ஓ/எல் படித்த எல்லாருக்கும் தெரியும். பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் பேட்சன் குழுவினர் 'சுவீட் பீ' என்ற பூச்செடியில் இரண்டு வெள்ளைகளைக் கலந்தார்கள். பிறந்ததெல்லாம் ஊதா! அடுத்த தலைமுறையில் 9 ஊதாவுக்கு 7 வெள்ளை. நிறம் வர இரண்டு பரம்பரை அலகுகள் வேலைசெய்ய வேண்டும். எது பழுதானாலும் பூ வெள்ளைதான். ஒரு வெள்ளையில் பழுதானது மற்றதில் நல்லாக இருந்திருக்கிறது.

எங்களுக்கு வகுப்பில் மெண்டலோடு கதை முடிந்தது. கலைப்பீடத்தில் இருந்துகொண்டு தேடிப் படித்தபோதுதான் எங்கட பக்கத்து வரலாறு கிடைத்தது. 1916இல் டாக்காவில் ஹெக்டர் நெல்லில் வரும் அந்தோசயனின் நிறத்தின் பரம்பரை பற்றி எழுதினார். அடுத்த வருடமே கோயம்புத்தூரிலிருந்து பார்னெல், ரங்கசுவாமி ஐயங்கார், ராமையா மூவரும் நெல்லின் பண்புகள் பரம்பரையாக வரும் விதத்தை வெளியிட்டார்கள். கலந்து விதைத்து, பிறந்த பயிரை வகைபிரித்து எண்ணுகிற வேலை. இந்த ராமையாதான் பின்னர் 1946இல் கட்டாக்கில் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை முதலில் நடத்தியவர். பெரும்போகத்துக்கு வயலில் இறங்குகிற வீட்டுப் பிள்ளைக்குப் பட்டாணியைவிட நெல்தானே கிட்ட? இந்தப் பெயர்களை ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை?

இன்னொரு ஆச்சரியம். மெண்டலின் ஊதாப்பூவுக்குக் காரணமான அலகை 2010இலும், கருப்பரிசிக்குக் காரணமானதை 2015இலும் கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒரே குடும்பம். நிறம் செய்யும் மற்ற அலகுகளை இயக்கிவிடும் சுவிட்ச் மாதிரி. வெள்ளைப் பட்டாணியில் சுவிட்ச் பழுது. கருப்பரிசியில் அது வழக்கமில்லாத இடத்தில், விதையுறையில், எரிகிறது.

கஞ்சாவுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அதையும் பிடித்தது. மற்ற நாடுகளும் தடுத்தன. தடுத்த செடியை ஆய்வுக்கு வளர்ப்பதும் கஷ்டம். அதனால் அதன் நிறத்தைப் பற்றிய பேச்சு நீண்டகாலம் களவாக வளர்த்தவர்களின் வாயிலேயே இருந்தது. குளிர் பட்டால் ஊதாவாகும் என்பார்கள். அதில் பாதி உண்மை: பல செடிகளில் குளிர் அந்தோசயனினைக் கூட்டும், ஆனால் பரம்பரையில் இல்லாத வகைக்கு எவ்வளவு குளிர் பட்டும் நிறம் வராது. குச்சவெளி வெக்கைக்கு அந்தப் பேச்சே இல்லை.

நெல்லின் முழு ஜீனோம் 2005இல் வெளிவந்தது. கஞ்சாவின் முதல் வரைவு 2011இல்தான், கனடாவிலிருந்து. அதற்கு எடுத்த வகையின் பெயர் 'பேர்ப்பிள் குஷ்'. பெயரிலேயே ஊதா, ஆனால் அதை நார்ச்சணலோடு ஒப்பிட்டு அவர்கள் தேடியது டிஎச்சி எப்படி வந்தது என்பதை.