தரகரும் நண்பரும்

தரகர் என்பது நம் இலக்கிய வட்டத்தில் வசைச்சொல். நான் வங்கிக் குமாஸ்தாவாக இருக்கும் ஆம்பூர்ப் பக்கத்தில் அது ஒரு தொழிலின் பெயர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இங்கிருந்து சென்னை பெரியமேட்டு மண்டிக்குப் போகும். மண்டிக்காரர் முன்பணம் கொடுத்திருப்பார். விற்றுக் கமிஷனைக் கழித்துக்கொள்வார். அங்கிருந்து கப்பலேறினால் லண்டன் ஏலத்தில் இன்னொரு தரகர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் பக்கத்துத் தோலுக்கு லண்டனில் ஆள் இருந்தது. தமிழ்க் கையெழுத்துப்பிரதிக்குச் சென்னையிலேயே ஆள் கிடையாது.

அதே லண்டனில் எழுத்துக்கும் தரகு உண்டு. 1870களில் ஏ. பி. வாட் இதைத் தொழிலாக்கினார். ஹார்டியும் கிப்ளிங்கும் அவரிடம் போனார்கள். நூற்றுக்குப் பத்து அவர் பங்கு. எழுத்தாளனுக்கு வரும்படி குறைந்தால் தரகருக்கும் குறையும். நம்பகம் என்பதன் லௌகீக அஸ்திவாரம் இவ்வளவுதான்.

ஆர். கே. நாராயண் விஷயத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த நண்பர் பூர்ணா அவருடைய முதல் நாவலை கிரஹாம் கிரீனிடம் சேர்த்தார். 1935இல் அது வெளிவந்தது. நட்பு அதோடு நிற்கவில்லை. கிரீன் அவரை டேவிட் ஹையம் என்ற ஏஜெண்டிடம் சேர்ப்பித்தார். முதல் நான்கு நாவல்களுக்கு நான்கு பிரசுரகர்த்தர்கள். அப்படி அலைந்த புத்தகங்களின் கணக்கை வைத்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டார், இருந்தார். நாராயண் ஆங்கிலத்தில் எழுதியதால் கிடைத்த வசதி இது.

தமிழில் எழுதிய பாரதிக்கு நண்பர்கள் மட்டுமே. 1920இல் கடையத்திலிருந்து, நாற்பது புத்தகங்கள், ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் என்று திட்டம் போட்டு, அச்சுச் செலவுக்கு நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை, 1921இல் இறந்தார். பிறகு பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை தனியே பிரிந்து ஒரு வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போயிற்று. 1949இல் அரசு உரிமைகளைத் தன்வசப்படுத்தியது. வாங்கியவர்கள் எல்லோருக்கும் சரக்கின் மதிப்பு தெரிந்திருந்தது. விற்ற குடும்பத்தின் பக்கம் அமர்ந்து பேரம் பேசத்தான் யாருமில்லை.

மலையாளிகள் வேறு வழி கண்டார்கள். 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து, 30 சதவீதம் ராயல்டி கொடுத்தார்கள். பிரசுரகர்த்தரும் எழுத்தாளனும் ஒரே கட்சியானதால் நடுவில் ஆள் வேண்டியிருக்கவில்லை.

நம்மிடம் நண்பர்தான் எல்லாம்: அவரே படிப்பார், சிபாரிசு செய்வார், அச்சடிப்பார், சில சமயம் விற்பார். அவரிடம் கணக்குக் கேட்பது துரோகம். கேளாமல் இருப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் லட்சியவாதம். 2023இல் தமிழக அரசு தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் மொழிபெயர்ப்பு உரிமைகள் பேரம் பேசப்படுகின்றன. முகவர்கள் வருவார்கள், யோக்கியர் யார் என்ற கேள்வியும் கூட வரும். பெரியமேடு அதற்கு மனுஷனின் முகத்தைப் பார்ப்பதில்லை. போன சரக்கின் கணக்குச் சீட்டைக் கேட்கிறது. நாமும் கேட்கப் பழகலாம், முதலில் நண்பர்களிடம்.